பூ விழுந்த பையன், தலை விழுந்த பையன்

மேசைமேல் இரண்டு கோப்புகள். இரண்டிலும் பத்து வயதை ஒட்டிய பையன்கள். வீட்டு நிலைமை என்ன, அப்பா எப்படிப்பட்டவர், தெரு எப்படிப்பட்டது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்ன சொல்கிறார், வம்புதும்புக்குப் போகிறவனா, உடம்புக்கு ஏதும் உண்டா என்றெல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் இவன் அவனுக்கு அச்சு. அப்புறம் ஒரு காசைச் சுண்டுகிறார்கள். பூவா தலையா. அதில் ஜெயித்த பையனின் வீட்டுக்கு அடுத்த ஐந்தாறு வருஷம் ஓர் ஆலோசகர் வந்துபோவார். பாடம் வராவிட்டால் சொல்லித்தர ஆள், உடம்பு சரியில்லாவிட்டால் மருத்துவர், கோடை விடுமுறையில் முகாம் என்று எல்லாம் கிடைக்கும். இன்னொரு பையனுக்கு ஒன்றும் கிடையாது. அவன் பெயர் கோப்பில் இருக்கும், அவ்வளவுதான்.

1939-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது தொடங்கியது. பாஸ்டன் நகரை ஒட்டியுள்ள கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்கள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள். பையன்கள் குற்றத்தின் பக்கம் போகாமல் தடுப்பது நோக்கம். இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது என் மனம் அந்த இரண்டாவது பையனிடமே நின்றுவிட்டது. அவன் செய்த தப்பு என்ன? காசு புரண்டு விழுந்த விதத்தில் ஒரு பிள்ளைக்கு வழி திறப்பதும் இன்னொரு பிள்ளைக்கு அடைப்பதும் எந்த நியாயத்தில் சேர்த்தி? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் மனிதர்களை வைத்துச் சோதனை செய்வது எப்படி என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

திட்டத்தைத் தொடங்கியவர் ரிச்சர்ட் கிளார்க் கேபட். ஹார்வர்டில் பேராசிரியர், மருத்துவர். நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 1905-லேயே பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியாளர்களை அமர்த்தியவர். இரக்கம் மிகுந்த மனிதர். அதே அளவுக்குச் சந்தேகமும் மிகுந்தவர். இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வு அறிக்கைகள் மூவாயிரத்தை எடுத்துவைத்து, உயிரோடு இருந்தபோது மருத்துவர்கள் சொன்ன நோயும் உண்மையில் இருந்த நோயும் எங்கெங்கே பிசகின என்று 1912-ல் எழுதினார். தன் தொழிலையே இப்படித் தராசில் வைத்தவர், சமூகப் பணியை மட்டும் சும்மா விடுவாரா? 1931-ல் சமூகப் பணியாளர் மாநாட்டின் தலைமையுரையில், நீங்கள் செய்வதன் பலனை அளந்து காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு தானே அளந்து பார்க்க இறங்கினார். திட்டம் தொடங்கிய அதே 1939-ல் அவர் இறந்துபோனார். முடிவை அவர் பார்க்கவில்லை.

அளப்பதில் அப்படி என்ன கஷ்டம்? உதவி செய்தோம், பையன் திருந்தினான் என்றால் கணக்கு முடிந்ததே என்று தோன்றும்.

எங்கள் பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அவர் காவிக்கல்லை உரசிக் குழைத்துக் கொப்புளம் வந்த இடத்தில் எழுதுவார். சிங்க உருவம் எழுதுவதும் உண்டு. கொஞ்ச நாளில் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். எழுதினதால் போயிற்று என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். ஆனால் அக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒருவகை வைரஸால் வருவது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடக்கூடியது. எழுதிய உடம்பு ஆறியதைப் பார்த்தோம். அதே உடம்பு, அதே அக்கி, எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்க யாருக்கும் வழியில்லை. ஒரு மனிதன் ஒரு தடவைதான் வாழ்கிறான்.

சமூக அறிவியலின் மொத்தச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு திட்டம் பலித்ததா என்று கேட்கும்போது நாம் உண்மையில் கேட்பது, அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை. நடக்காத ஒன்றைக் கேட்கிறோம். பத்து வயதில் கல்லெறிந்து கண்ணாடி உடைத்தவன் பதினெட்டு வயதில் தானே அடங்கிவிடலாம். மிக மோசமாக இருக்கும் நேரம் பார்த்து ஒருவனுக்கு உதவப் போனால், அதற்குமேல் கெட இடமில்லாமலேகூட அவன் கொஞ்சம் தேறலாம். தேறியதெல்லாம் நம் கைவண்ணம் என்று நம்பிவிடுவது மனித இயல்பு.

நடக்காததை நேரில் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக வேறொருவரைப் பார்க்கலாம், அவர் எல்லா விதத்திலும் இவரைப் போலவே இருந்தால். அந்த வேறொருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் காசு வருகிறது.

இந்த யோசனை வயல்காட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920-களில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர், எந்த உரம் நல்லது என்று கண்டுபிடிக்கும் கணக்கைக் கையிலெடுத்தார். நம் ஊர்ப் பாசனத்தில் வைத்து இதைச் சொல்லிப் பார்க்கலாம். புது உரத்தைத் தலைமடை வயலுக்கும் பழைய உரத்தைக் கடைமடை வயலுக்கும் போட்டால், அறுவடையில் தெரிவது உரத்தின் வித்தியாசமா, தண்ணீரின் வித்தியாசமா? சரி, தண்ணீரைச் சமப்படுத்தி வயலைத் தேர்ந்தெடுக்கலாம். மண்ணின் உவர்ப்பு? போன வருஷம் என்ன பயிர் இருந்தது? வரப்பு மரத்தின் நிழல்? நமக்குத் தெரிந்ததை எல்லாம் சமப்படுத்தினாலும் தெரியாதது ஒன்று மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். ஃபிஷரின் பதில்: பாத்தி பாத்தியாகப் பிரி, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போடு. குலுக்கலுக்குத் தலைமடை தெரியாது, கடைமடை தெரியாது, உவர்ப்பும் தெரியாது. ஆகவே எதன் பக்கமும் அது சாயாது. பாத்திகள் போதுமான அளவு இருந்தால் தெரிந்ததும் தெரியாததும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்காகிவிடும். 1935-ல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார்.

நான்கே வருஷத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் தெருக்களில் பாத்திகளுக்குப் பதில் பையன்கள்.

தெரிந்த விஷயங்களில் ஒத்துப்போகும் பையன்களை ஜோடி சேர்த்தார்கள். தெரியாத விஷயங்களைக் காசிடம் விட்டார்கள். யாருக்கு உதவுவது என்பதை நல்லெண்ணம் உள்ள ஒரு பணியாளரிடம் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பாவப்பட்ட பையனை எடுத்திருப்பார், அல்லது தேறக்கூடியவனை எடுத்திருப்பார். இரண்டுமே மனிதாபிமானமான முடிவுதான். இரண்டுமே ஒப்பீட்டைக் கெடுக்கும். அண்ணன் தம்பிகள் இருந்தால் மட்டும் காசு சுண்டாமல் ஒரே பக்கத்தில் வைத்தார்கள். ஒரு வீட்டில் அண்ணனைப் பார்க்க ஆலோசகர் வரும்போது தம்பி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பான் அல்லவா? இன்னொரு நுணுக்கமும் உண்டு. தொல்லை கொடுக்கும் பையன்களை மட்டும் சேர்க்காமல் சாதுவான பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். திட்டத்தில் பெயர் வந்தாலே அவன் போக்கிரி என்று ஊர் முத்திரை குத்திவிடக் கூடாது என்ற கவனம்.

325 ஜோடிகளோடு தொடங்கியது. உலகப் போர் வந்து ஆட்கள் குறைந்ததும் சில ஜோடிகளை விட்டுவிட வேண்டியதாயிற்று. அப்போதும் ஒருவனை மட்டும் விடாமல் ஜோடியாகவே விட்டார்கள். கடைசியில் நின்றது 253 ஜோடி, 506 பையன்கள். ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள். பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லித்தந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவ, மனநல உதவி கிடைத்தது. நான்கில் ஒருவர் கோடை முகாமுக்குப் போனார்கள். 1945-ல் திட்டம் முடிந்தது. இதைவிட அக்கறையாக ஒரு திட்டத்தை இன்றும் யாரும் நடத்திவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

1951-ல் எட்வின் பவர்ஸ், ஹெலன் விட்மர் இருவரும் முதல் முடிவை வெளியிட்டார்கள். குற்றக் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. மனம் ஒடிந்தவர்கள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்: பையன்கள் இன்னும் சின்னவர்கள், நன்மை பின்னால் தெரியும்.

பின்னால் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தவர் ஜோன் மெக்கார்ட். குற்றவியல் அறிஞர், பிற்காலத்தில் அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் தலைவரான முதல் பெண். 1975 வாக்கில் அவர் பழைய பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினார். பையன்கள் நாற்பதுகளின் மனிதர்கள் ஆகியிருந்தார்கள். சிலர் ஊர் மாறியிருந்தார்கள், சிலர் இறந்திருந்தார்கள். நீதிமன்றப் பதிவு, மனநல மருத்துவமனைப் பதிவு, இறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சிலரைத் தவிர ஏறக்குறைய எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டார். இந்தத் தேடல் பார்ப்பதற்கு எழுத்தர் வேலை போலத் தெரியும். சோதனையின் உயிரே இதில்தான். வாழ்க்கையில் தோற்றவர்கள்தான் எளிதில் கண்ணில் படாமல் போவார்கள். கிடைத்தவர்களை மட்டும் வைத்து எழுதினால் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அவ்வளவு கவனமாகச் சுண்டிய காசு வீண்.

உயிரோடு இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். திட்டத்தால் உங்களுக்கு நன்மை உண்டா? உதவி பெற்றுப் பதில் எழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆம் என்றார்கள். ஆலோசகரின் பெயரை நினைவில் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். தெருவில் சுற்றாமல் காத்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் குற்றவாளி ஆகியிருப்பேன் என்றும் எழுதினார்கள்.

அடுத்து, கோப்பில் பெயர் மட்டும் இருந்த மற்ற பையன்களின் பதிவுகளோடு இவர்கள் பதிவுகளை ஒப்பிட்டார். ஒரு தடவையாவது குற்றப் பதிவில் வந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். ஆனால் ஒரு குற்றத்தோடு நிற்காமல் மறுபடியும் செய்தவர்கள் உதவி பெற்றவர்களில் அதிகம். குடிக்கு அடிமையான அறிகுறி அவர்களிடம் அதிகம். கடும் மனநோய் அதிகம். மன அழுத்தத்தோடு தொடர்புள்ள இதயநோய், ரத்தக் கொதிப்பு போன்றவை அதிகம். அவர்கள் பார்த்த வேலைகள் சமூகத்தில் மதிப்புக் குறைந்தவையாக இருந்தன. இறந்தவர்களை எடுத்துக்கொண்டால், உதவி பெற்றவர்கள் இளவயதிலேயே இறந்திருந்தார்கள். இத்தனை அளவீடுகளில் ஒன்றில்கூட உதவி பெற்றவர்களின் கை ஓங்கவில்லை. 1978-ல் அவர் இதை வெளியிட்டார்.

அந்த மூன்றில் இரண்டு பங்கு பேர் பொய் சொல்லவில்லை. நெஞ்சார நம்பித்தான் எழுதினார்கள். தான் வாழ்ந்த வாழ்க்கையை ஒருவன் முழுக்க அறிவான்; வாழாமல் போன இன்னொரு வாழ்க்கையை அவனாலும் அறிய முடியாது. அந்த வாழ்க்கையின் சாட்சி யாரிடம் இருந்தது என்றால், காசில் தோற்ற பையனிடம். அவன் இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருந்தால், நெகிழ்ச்சியான அந்தக் கடிதங்களை அச்சிட்டு, இதே திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோயிருப்பார்கள். ஒன்றும் பெறாத 253 பையன்கள், தங்களுக்கே தெரியாமல், பின்னால் வந்த எத்தனையோ பிள்ளைகளைக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு.

எங்கே பிசகியது? மெக்கார்ட் தன் கட்டுரையில் சில ஊகங்களைச் சொன்னார். எதற்கெடுத்தாலும் ஆலோசகரை எதிர்பார்க்கும் பழக்கம் வந்திருக்கலாம். உலகம் நம்மைத் தாங்கும் என்ற எதிர்பார்ப்பு ஏறி, திட்டம் முடிந்ததும் ஏமாற்றமாகியிருக்கலாம். எனக்கு உதவி தேவைப்படுகிறது என்றால் என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பிள்ளை முடிவுகட்டியிருக்கலாம். ஊகம் ஊகம்தான், நிச்சயமான விடையை அந்தச் சோதனையால் தர முடியவில்லை. ஆலோசகர், பாடம், மருத்துவம், முகாம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்ததால், மூட்டைக்குள் எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

மூட்டையைப் பிரிக்கும் கலையைப் பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு நான் அறிந்ததில் மிகத் தெளிவான உதாரணம் ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டம். மலைகளுக்கு இடையே சிதறிக் கிடக்கும் ஊர்கள். 2004 முதல் 2007 வரை அங்கே சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் குழந்தைத் தடுப்பூசி பற்றிச் சோதனை செய்தார்கள். தடுப்பூசி இலவசம். ஆனாலும் ஊசிகள் அனைத்தையும் போட்டு முடித்த குழந்தைகள் அங்கே மிகமிகக் குறைவு. ஏன்? ஒரு கட்சி சொன்னது: துணை சுகாதார நிலையம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, செவிலியர் வருவதில்லை, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் மறுபடி ஏன் வருவாள்? இன்னொரு கட்சி சொன்னது: ஜனங்களுக்கே ஊசியில் நம்பிக்கை இல்லை, நீ வாசலில் கொண்டுபோய் வைத்தாலும் வரமாட்டார்கள்.

இந்த வழக்கைத் தீர்க்க 134 கிராமங்களைக் குலுக்கலில் மூன்றாகப் பிரித்தார்கள். 30 கிராமங்களில் மாதந்தோறும் குறித்த நாளில் தவறாமல் தடுப்பூசி முகாம். இன்னொரு 30 கிராமங்களில் அதே முகாம். கூடவே, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் ஒரு செட். மிச்சம் 74 கிராமங்கள் எப்போதும் போல.

முடிவு இது. எப்போதும் போல விட்ட ஊர்களில் தடுப்பூசி முழுமையாக முடிந்த குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18. முகாமும் பருப்பும் சேர்ந்த ஊர்களில் 39.

இரண்டு கட்சியும் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பூட்டைத் திறந்ததற்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் படி அளந்தாயிற்று. இரண்டு குழு மட்டும் வைத்திருந்தால் 6, 39 என்ற இரண்டு எண்கள்தான் கையில் இருந்திருக்கும். சண்டை அப்படியே தொடர்ந்திருக்கும். பருப்பின் வேலை எங்கே நடந்தது என்பதும் தெரிந்தது. முதல் ஊசிக்கு வருகிறவர்கள் ஓரளவு வந்துவிடுகிறார்கள். ஐந்து தடவை வர வேண்டும் என்னும்போதுதான் இந்த மாதம் அறுப்பு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போகிறது. ஊசியின் பலன் என்றோ வரும். வேலையோ இன்று கெடும். ஒரு கிலோ பருப்பு இன்றே கைக்கு வந்துவிடுகிறது. ஊசி வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவரை ஒரு கிலோ பருப்பால் மசிய வைக்க முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்பவரை முடியும். இன்னொரு ஆச்சரியம், பருப்புக்குச் செலவழித்தும் குழந்தை ஒன்றுக்கு ஆன செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பத்துக் குழந்தை வந்தாலும் முப்பது வந்தாலும் செவிலியருக்கு ஒரு நாள் சம்பளம் ஒன்றுதானே?

காசைக் குழந்தைக்குக் குழந்தை சுண்டாமல் ஊருக்கு ஊர் சுண்டினார்களே, ஏன்? ஒரே முகாமில் ஒருத்திக்குப் பருப்பும் பக்கத்தில் நிற்பவளுக்கு வெறும் ஊசியும் கொடுத்துப் பாருங்கள். அன்றைக்கே முகாம் முடிந்தது. மனிதர்கள் பாத்திகளைப் போல வாய்மூடிக் கிடப்பதில்லை. பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், கோபப்படுகிறார்கள். ஆகவே ஊர் முழுக்க ஒரே மாதிரி.

அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அதே பானையில் நூறு பருக்கையை எடுத்து நசுக்கினாலும் முதல் பருக்கை சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. முப்பது அடுப்பில் முப்பது பானை கொதித்தால் முப்பதிலும் கரண்டி விட்டாக வேண்டும். கிராமம் ஒரு பானை. ஒரே கிணறு, ஒரே செவிலியர், ஒரே வதந்தி. பருப்பு ஊர்களில் 382 குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள் என்றாலும், சோதனையின் பலம் 382 அல்ல, 30 பானையை ஒட்டியதுதான். இதை மறந்துவிட்டு இரண்டே பள்ளிகளில் ஆளுக்கு ஐந்நூறு மாணவர்களை ஒப்பிட்டு, ஆயிரம் பேரை ஆராய்ந்தேன் என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது இரண்டு பருக்கை.

ஊர் எல்லையும் ஒப்பீட்டை முழுக்கக் காப்பதில்லை. கென்யாவின் பூசியா பகுதியில் 1998 முதல் 75 பள்ளிகளில் எட்வர்ட் மிகுவேல், மைக்கேல் கிரெமர் இருவரும் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை தின்ற பிள்ளையின் வயிற்றில் புழு குறைந்தால் அவன் நடமாடும் மண்ணிலும் முட்டை குறைகிறது. தின்னாத பிள்ளைக்கும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் நன்மை கசிகிறது. ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குக் கொடுத்து ஒப்பிட்டால் இரண்டு பாதியும் தேறும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மாத்திரையால் பெரிய பலனில்லை என்று முடிவுகட்டிவிடுவோம். அவர்கள் பள்ளி பள்ளியாகப் பிரித்ததால் கசிவும் கணக்கில் வந்தது. பள்ளிக்கு வராமல் நிற்பது கால் பங்கு குறைந்தது என்று 2004-ல் எழுதினார்கள். அந்தக் கணக்கைப் பிற்பாடு வேறு சிலர் திரும்பப் போட்டுப் பார்த்து வாதாடினார்கள். தரவைத் திறந்து வைத்தால் வாதம் வரத்தான் செய்யும், வர வேண்டும். பானர்ஜி, டுஃப்ளோ, கிரெமர் மூவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

பூசியாவில் யாரையும் நிரந்தரமாக ஒதுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். 75 பள்ளிகளை மூன்று வரிசையாகப் பிரித்து, முதல் 25-க்கு 1998-ல், அடுத்த 25-க்கு 1999-ல், கடைசி 25-க்கு 2001-ல் கொடுத்தார்கள். காத்திருந்த காலத்தில் காத்திருந்தவர்களே ஒப்பீட்டுக் குழு. எப்படியும் ஒரே நாளில் எல்லாப் பள்ளிக்கும் போக வண்டியும் ஆளும் பணமும் இல்லை. யார் முந்தி, யார் பிந்தி என்பதை முறைவைத்து முடிவு செய்தால் அறிவும் கிடைக்கும், பாரபட்சப் பழியும் வராது.

அந்த இரண்டாவது பையனின் நியாயத்துக்கு நான் கண்ட பதிலில் ஒரு பாதி இது. எல்லாருக்கும் கொடுக்க இல்லாதபோது யாரோ ஒருவர் யாரையோ தேர்ந்தெடுக்கத்தான் போகிறார். சிபாரிசுக் கடிதம் தேர்ந்தெடுப்பதைவிடக் குலுக்கல் தேர்ந்தெடுப்பது நேர்மை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு மனுக்கள் மிஞ்சினால் நம் ஊரிலும் குலுக்கித்தானே எடுக்கிறார்கள்? கூடையிலிருந்து சீட்டு எடுக்கும்போது பெற்றோர் கலங்குவார்கள். ஆனால் அதை அநியாயம் என்று சொல்வதில்லை. மறுபாதி இன்னும் கடினமானது: காசு விழுந்த அந்த நாளில், யார் அதிர்ஷ்டசாலி என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சோதனை செய்வதே பாவம். கேம்பிரிட்ஜில் அதிர்ஷ்டம் அடித்தது தோற்றவனுக்கு. இன்று இத்தகைய ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பங்கேற்பவரின் சம்மதமும் வேண்டும். எதை அளக்கப்போகிறோம், எதை வெற்றி என்று சொல்லப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்வதும் வழக்கமாகிவிட்டது. அம்பு விட்ட பிறகு அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்வது யாருக்கும் முடியும்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அங்கன்வாடிக்குள் காலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பணியாளர் எத்தனை வேலைக்கு ஓடுகிறார் என்று. எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கணக்கு எழுத வேண்டும், கர்ப்பிணிகள் வந்தால் பேச வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் வந்த 160 மையங்களுக்கு அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவர். முன்பருவக் கல்வியைக் கவனிப்பது அவர் பொறுப்பு. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு பார்த்தால், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். யாரும் சட்டென்று எதிர்பார்க்காத பலன் இன்னொன்று: மையத்தில் தொடர்ந்த பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்திருந்தன. வந்தவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டதும் ஏற்கெனவே இருந்தவருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு மையத்தைப் பார்த்துவிட்டு, புதிதாக ஆள் வந்தார், பிள்ளை தேறியது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கூடுதல் ஆள் கிடைக்காத 160 மையங்களின் பதிவேடும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் நம்புகிறேன்.

மெக்கார்டின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. மூட்டைக்குள் எது கெடுத்தது என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. பழைய ஜோடிகளை மறுபடி மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்த்தார். ஆலோசகர் அதிகம் போன வீடா, குறைவாகப் போன வீடா? சின்ன வயதில் சேர்ந்தவனா, பெரியவனா? அதே காலத்தில் ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளர், பதின்வயதுப் பையன்களை இருவர் இருவராக உட்காரவைத்துப் பேசவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். சில ஜோடிகளில் ஒருவன் திருட்டையோ அடிதடியையோ பற்றிப் பேச, மற்றவன் சிரிக்க, சிரிப்பைக் கேட்டு இவன் மேலும் பேச, பேச்சு அந்தத் திசையிலேயே ஓடியது. அப்படிச் சிரித்து மகிழ்ந்த பையன்கள் பின்னாளில் தொல்லையில் மாட்டிக்கொண்டது அதிகம்.

1999-ல் டிஷியன், மெக்கார்ட், ஃபிரான்சுவா பூலின் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்காக மெக்கார்ட் கோடை முகாம் பட்டியலை எடுத்து ஜோடிகளோடு வைத்துப் பார்த்தார். முகாமுக்கே போகாதவர்களின் ஜோடிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு கோடை போனவர்களிடமும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போன பையன்களின் ஜோடிகளில்தான் தீங்கு குவிந்து கிடந்தது. பெரியவர்கள் பார்வைக்கு அப்பால், ஒரே மாதிரிப் பையன்கள் கூடி, செய்ததையும் செய்யாததையும் சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய கோடைகள். ஆலோசகர்கள் நல்லது என்று நினைத்து, பணம் ஒதுக்கி, பெட்டி கட்டி அனுப்பிவைத்த கோடைகள்.

அந்தப் பட்டியலைப் பார்த்து இதைச் சொல்ல முடிந்தது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இன்னொரு பெயர் இருந்ததால். திட்டம் எங்கும் அனுப்பாமல் ஊரிலேயே விட்டுவிட்ட பையனின் பெயர். அப்போது அவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு எழுபதை ஒட்டிய வயது.